நுரையீரல் தேறிவிட்டது, ஞாபகம் ஏன் இன்னும் தடுமாறுகிறது?

கொவிட், இன்புளுவன்சா மாதிரி ஒரு வைரஸ் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, ஒட்சிசன் வைத்து, சிலரை வென்டிலேட்டர் வரைக்கும் கொண்டுபோய், ஒருவழியாகப் பிழைத்து வீட்டுக்கு வந்தவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது பேச்சு பெரும்பாலும் நெஞ்சைப் பற்றித்தான் இருக்கும். இருமல் மெல்லக் குறையும், படியேறினால் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம், இரண்டு கிழமையில் கிளினிக்குக்கு வாங்க. தலையைப் பற்றி ஒரு வசனம் சொல்லப்படுவது அபூர்வம்.

ஒரு மாதம், இரண்டு மாதம் போகும். இருமல் நின்றுவிடும், சோறு பிடிக்கும். ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. காலையில் சொன்னதைப் பகலில் மறக்கிறார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரம் எடுக்கிறது. வீட்டுக்கு நாலு பேர் வந்து ஒரே நேரத்தில் கதைத்தால் எழும்பி அறைக்குள் போய்விடுகிறார். வீட்டில் உள்ளவர்கள் இதை வயதில் போடுவார்கள், யோசனையில் போடுவார்கள், கொஞ்சம் பொல்லாத ஆட்கள் என்றால் "வருத்தத்தைச் சாட்டி வேலைக்குப் போகாமல் இருக்கார்" என்பார்கள். யாராவது ஒருவர் செய்வினை என்றும் சொல்வார்.

உண்மையில் இது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். கடுமையான நுரையீரல் தொற்று ஒன்றில் இருந்து பிழைத்தவர்களில் கணிசமானோருக்குக் கவனம், ஞாபகம், யோசிக்கும் வேகம் ஆகியவை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் குறைந்திருக்கும். கொவிட் வந்த பிறகு "மூளை மந்தம்" என்ற பேச்சு பரவியது. ஆனால் கொவிட்டுக்கு முன்பே, வேறு நியுமோனியாக்களில் தப்பியவர்களிடமும் வைத்தியர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள்.

எது குறைகிறது?

"மறதி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் அது பல வேலைகளின் கோளாறு.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் மூடை எண்ணுகிறவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ட்ரெக்டர் பெட்டியில் இருந்து மூடை இறங்க இறங்க, சுவரில் சோக்கால் நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. முன்பெல்லாம் ஒரு காதில் போன் பேசிக்கொண்டே எண்ணுவார், ஒரு மூடை பிழைக்காது. ஐசியுவில் இருந்து தப்பி வந்த பிறகு எண்ணிக்கொண்டு இருக்கும்போது யாரோ வாசலில் நின்று "என்ன மச்சான், சுகமா?" என்கிறார். இவர் "ம்ம், சுகம்" என்று திரும்புகிறார். அவ்வளவுதான். கையில் சோக் இருக்கிறது, எதிரே மூடை இருக்கிறது, கடைசி மூடைக்குக் கோடு போட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. அவருக்கு எண்ணத் தெரியும். கணக்கும் மறக்கவில்லை. ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் கவனிக்கும் ஆற்றல்தான் போயிருக்கிறது. இந்த நோய்க்குப் பிறகு அதிகம் அடிபடுகிறவற்றில் இது முக்கியமானது. வெளியாட்களின் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிவதும் இதுதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் அவர் சாதாரணமாகத்தான் இருப்பார்.

ஞாபகக் கோளாறு என்று நாம் நினைப்பதில் பாதி இந்தக் கவனக் குறைவுதான். கடைக்குப் போய் வந்த அப்பாவிடம் மகள் கேட்கிறாள்:

"சீனி எங்க அப்பா?"

"நீ சீனி சொல்லல்லியே மகள்."

"வாசல்ல வச்சுச் சொன்னன். நீங்க சரி எண்டும் சொன்னீங்க."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவள் சொன்ன நேரம் அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு இருந்தார். வாய் "சரி" என்றது, சொல் உள்ளே பதியவே இல்லை. பதியாததை எப்படித் திருப்பி எடுப்பது? சில நேரம் வேறு மாதிரியும் நடக்கும். "வெள்ளையா, தேத்தண்ணிக்குப் போடுறது" என்று ஒரு குறிப்புக் கொடுத்தால் "ஓ, சீனி!" என்பார். அப்படியென்றால் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. இந்த வித்தியாசத்தை வைத்தியரும் தேடுவார், வீட்டில் நீங்களும் கவனிக்கலாம். குறிப்பு உதவுகிறது என்றால் எழுதிவைப்பதும் நினைவூட்டுவதும் நல்ல பலன் தரும்.

வேகம் குறைவது இன்னொன்று. பதில் சரியாகவே இருக்கும், பிந்தி வரும். அதற்குள் நாம் பொறுமை இழந்து கேள்வியைத் திருப்பிக் கேட்போம், அது அவருக்கு இரண்டாவது கேள்வியாகிவிடும், இன்னும் பிந்தும். திட்டமிடுவதும் தடுமாறும். பெரும்போகத்துக்கு ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி சொன்ன கையோடு, உழவுக்கு யார், விதைநெல் எங்கே, பசளை எப்போது என்று முழு ஒழுங்கையும் தலைக்குள்ளேயே போடுகிற விவசாயி, இப்போது ஒவ்வொன்றாகச் செய்வார். எதை முதலில் செய்வது என்று நிற்பார்.

நெஞ்சில் வந்தது தலைக்கு எப்படிப் போகிறது?

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ, உடம்பின் எடையில் 2 வீதம். ஆனால் நாம் சாய்மனைக் கதிரையில் சும்மா படுத்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஒட்சிசனைச் சேர்த்து வைக்கும் வசதி மூளைக்கு இல்லை. வரவு நின்றால் சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும்.

வைரஸ் நியுமோனியா முற்றும்போது நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்குள் நீரும் அழற்சிக் கழிவும் நிரம்புகின்றன. இரத்தம் அந்த வழியாகப் போகும், ஒட்சிசனை எடுக்காமல் திரும்பி வரும். இதன் மிகக் கடுமையான வடிவத்தை 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகர வைத்தியர்கள் 12 நோயாளிகளை வைத்து 'லான்செட்' சஞ்சிகையில் விவரித்தார்கள். இன்று அதை ஏஆர்டிஎஸ் (ARDS) என்கிறார்கள். கிளினிக் கொப்பியில் அந்த எழுத்துகள் இருந்தால் அந்த ஆள் எவ்வளவு தூரம் போய்த் திரும்பியிருக்கிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள். ஒட்சிசன் குறையும்போது மூளையில் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் இருக்கிற சிறிய பகுதி அது. புதிய ஞாபகங்கள் உருவாக அது வேண்டும். அதனால்தான் 40 வருடத்துக்கு முந்திய சங்கதி எல்லாம் சரளமாக வரும், நேற்று யார் வந்தார் என்பது வராது.

ஆனால் ஒட்சிசனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. விரலில் மாட்டுகிற கருவியில் எண் பெரிதாக இறங்காதவர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் வருகிறது. இங்கே அழற்சி என்ற விஷயத்துக்கு வரவேண்டும். தொற்றை அடிக்க உடம்பு இரத்தத்தில் சைட்டோகைன் எனப்படும் இரசாயனச் செய்திகளைக் கொட்டுகிறது. அளவாக இருந்தால் அவை நோயை விரட்டும். அளவு மீறினால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள காவல்சுவர் கசியத் தொடங்கும். மூளைக்குள்ளே குப்பை அள்ளுவதும் காவல் காப்பதுமாக இருக்கிற மைக்ரோக்ளியா என்ற செல்கள் உசாராகிவிடும். உசாரானவை வைரஸ் போன பிறகும் உடனே அடங்குவதில்லை. மாரி வெள்ளம் வற்றிய பிறகும் சுவரில் ஈரம் நின்று சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி.

வைரஸ் மூளைக்குள் நுழையாமலே இது நடக்கலாம் என்பதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கொவிட்டால் இறந்தவர்களின் மூளையை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சேதமாகிக் கசிந்திருந்ததைக் கண்டார்கள். வைரஸை அங்கே காணவில்லை. 2022இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வில், தொற்றைச் சுவாசப் பாதைக்குள் மட்டும் நிற்கச் செய்து பார்த்தார்கள். அப்படியும் மூளையில் மைக்ரோக்ளியா உசாராகின, ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புச் செல்கள் உருவாவது குறைந்தது. அதே ஆய்வில் இன்புளுவன்சா தொற்றிய எலிகளிலும் இதில் ஒரு பகுதி தெரிந்தது. எலி மனிதன் இல்லைதான். ஆனாலும் நெஞ்சு நோய் எப்படித் தலை நோயாகிறது என்பதற்கு நல்ல ஒரு வழிகாட்டி அது.

இவற்றோடு, கடும் தொற்றின்போது இரத்தம் உறையும் தன்மை கூடுவதால் சிறு இரத்தக் கட்டிகள் நுண்குழாய்களை அடைக்கலாம். நம் பக்கம் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் நிறைய. அவர்களுடைய குழாய்கள் ஏற்கெனவே களைத்தவை. கொவிட் சிகிச்சையில் உயிர் காத்த டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள் இரத்தச் சீனியை ஏற்றிவிடும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். அதற்காக அந்த மருந்தைக் குறை சொல்லக்கூடாது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கால் குறைத்தது என்று 2020இல் பிரித்தானியாவில் நடந்த பெரிய பரிசோதனை காட்டியது.

ஐசியுவில் அலட்டியதா?

எனக்குக் கேட்டால், முழுக் கதையிலும் குடும்பங்கள் அறியவேண்டிய மிக முக்கியமான பகுதி இதுதான். காய்ச்சல் உச்சத்தில் ஆள் தொடர்பில்லாமல் பேசுவார், "அலட்டுறார்" என்போம். ஐசியுவில் அது வேறு அளவில் நடக்கிறது. டெலிரியம் என்று வைத்தியர்கள் சொல்வது அதைத்தான். திடீரென வரும், ஏறி இறங்கும், காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் இடம் காலம் தெரியாமல் இருப்பார். குழாயைப் பிடுங்குவார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், மிஸ்ஸி தன்னைக் கொல்ல வந்திருக்கிறாள் என்பார்.

இப்படிச் சத்தம் போடும் டெலிரியம் எல்லோர் கண்ணிலும் படும். சத்தம் போடாத வகையும் உண்டு, அதுதான் கூடுதல். கண்ணைத் திறந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கூப்பிட்டால் மெல்லத் திரும்புவார். "இண்டைக்கு நல்லா அமைதியாப் படுத்திருக்கார்" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். மூளை உள்ளே தத்தளித்துக்கொண்டு இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுவாசம் செயலிழந்தோ இரத்த அழுத்தம் விழுந்தோ ஐசியுவில் சேர்க்கப்பட்ட 821 பேரை எடுத்துப் பின்தொடர்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் 74 வீதமானோருக்கு டெலிரியம் வந்திருந்தது. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ, அதற்கேற்பப் பின்னாளில் சிந்திக்கும் ஆற்றலும் கூடுதலாக அடிபட்டிருந்தது. முதியவர்களுக்கு மட்டும் வந்த பாதிப்பும் இல்லை. இளம் வயதினரிடமும் அதே போக்கு இருந்தது.

கொவிட் காலத்தில் நிலைமை மோசமாகியது. உறவினர் உள்ளே வரமுடியாது. வருகிறவர்கள் எல்லோரும் முகம் தெரியாமல் பிளாஸ்டிக் உடுப்புக்குள். இரவு பகல் தெரியாத வெளிச்சம், ஓயாத மணிச்சத்தம். வென்டிலேட்டரோடு ஒத்துப்போக மயக்க மருந்து அதிகம் தேவைப்பட்டது, அதிலும் மிடசோலம் வகை. 14 நாடுகளின் ஐசியுக்களில் 2,088 கொவிட் நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டெலிரியம். மிடசோலம் குடும்ப மருந்துகள் அந்த ஆபத்தைக் கூட்டின. நேரிலோ வீடியோவிலோ குடும்பத்தவரைக் கண்டவர்களுக்கு அது குறைந்திருந்தது. ஒரு போன் திரையில் தெரிந்த பேரப்பிள்ளையின் முகம் இந்த அளவு வேலை செய்திருக்கிறது.

அதனால் அடுத்த முறை வீட்டில் யாரும் ஐசியுவில் இருந்தால், அனுமதி கிடைக்கிற நேரத்தைச் சும்மா கட்டிலைப் பார்த்து அழுவதில் கழிக்காதீர்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, இது மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, உங்களுக்கு நெஞ்சில் வருத்தம், குழாய் அதற்குத்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவருக்குக் கண்ணாடியைக் கொடுங்கள். காதுக் கருவி இருந்தால் அதையும். பல் கட்டியிருந்தால் மிஸ்ஸியிடம் கேட்டு, சரி என்றால் அதையும். எழுப்பி உட்காரவைக்கவோ நடக்கவைக்கவோ பிசியோதெரபி ஆட்கள் வந்தால் "பாவம், விடுங்க" என்று தடுக்காதீர்கள். வென்டிலேட்டரில் இருந்தபோதே மயக்கத்தைக் குறைத்து அசையவைத்த நோயாளிகளுக்கு டெலிரியம் குறைந்த நாட்களே இருந்தது என்று 2009இல் 104 பேரை வைத்து நடத்திய பரிசோதனை காட்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நாட்கள் விடாது. நடக்காத சம்பவங்கள் நடந்ததாக உறுதியாக நினைவிருக்கும், நடந்தவை நினைவிருக்காது. தன்னைக் கட்டிப்போட்டு வள்ளத்தில் ஏற்றிப்போனதாக ஒருவர் சத்தியம் பண்ணலாம். சிரிக்கவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம். ஸ்கண்டிநேவிய நாடுகளில் இதற்கென்று ஐசியு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் வந்தது. தாதியரும் குடும்பத்தவரும் அன்றன்று நடந்ததை நாலு வரி எழுதி வைப்பார்கள், பிற்பாடு நோயாளி வாசித்துத் தன் வெற்றிடத்தை நிரப்பிக்கொள்வார். ஒரு சாதாரண கொப்பி போதும், நம்மாலும் முடியும். ஓதிப் பார்ப்பதும் கோயிலில் நேர்வதும் அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. கிளினிக்கை மட்டும் விடாதீர்கள்.

எவ்வளவு காலம் இருக்கும்?

எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. மேலே சொன்ன வாண்டர்பில்ட் ஆய்வில் மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, 40 வீதமானோரின் மதிப்பெண் நடுத்தரத் தலைக்காயம் பட்டவர்களுடையதைப் போல இருந்தது. 26 வீதமானோர் ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகளின் மட்டத்தில் நின்றார்கள். ஒரு வருடத்தில் அந்த எண்கள் 34, 24 என்று ஆகின. ஏஆர்டிஎஸ்ஸில் தப்பியவர்களை மட்டும் பார்த்த, 2005இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும்போது 73 வீதமானோருக்குக் குறைபாடு இருந்தது. ஒரு வருடத்தில் 46, இரண்டாவது வருடத்தில் 47. அதாவது முதல் வருடத்தில் நல்ல முன்னேற்றம் வருகிறது, அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. முதல் வருடத்தை வீணாக்கக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கொவிட்டைத் தனியாகப் பார்த்தால், இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இணையவழியில் செய்த சிந்தனைச் சோதனைகளின் முடிவு 2024இல் வந்தது. தொற்றே வராதவர்களோடு ஒப்பிட, வந்து சீக்கிரம் குணமானவர்கள் நுண்ணறிவு அளவெண்ணில் 3 புள்ளிக்குச் சமமான அளவு பின்தங்கியிருந்தார்கள். அறிகுறிகள் இன்னும் விடாதவர்கள் 6 புள்ளி. ஐசியு வரை போனவர்கள் 9 புள்ளி. 3 புள்ளியை ஒருவர் தன்னில் உணரவே மாட்டார். 9 புள்ளி வேலைத்தலத்தில் தெரியும். அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. அறிகுறிகள் நீண்டகாலம் இழுத்து, பிறகு விட்டுப்போனவர்கள், சீக்கிரம் குணமானவர்களின் அளவுக்கே வந்திருந்தார்கள்.

இது டிமென்ஷியாவா என்று பயப்படுவது இயல்பு. போக்கில் வித்தியாசம் தெரியும். டிமென்ஷியா எப்போது தொடங்கியது என்று சொல்லமுடியாமல் வந்து, வருடம் போகப் போகக் கூடும். இது ஆஸ்பத்திரி நாளோடு தொடங்கும், பிறகு மெல்லக் குறையும் அல்லது அப்படியே நிற்கும். ஒரு வருடம் கழிந்தும் கூடிக்கொண்டு போகிறது என்றால் வேறு காரணம் தேடவேண்டும். திடீரென ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது பக்கவாதம், மணித்தியாலக் கணக்கில் சிகிச்சை தொடங்கவேண்டிய வருத்தம்.

கிளினிக்கில் என்ன பார்ப்பார்கள்?

பலரும் ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றே நினைக்கிறார்கள். மூளை ஸ்கேன் பக்கவாதம், கட்டி போன்றவற்றைக் கண்டுபிடிக்க உதவும். இந்த வகைத் தடுமாற்றத்தில் அது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஸ்கேன் நல்லம் என்று சொல்லிவிட்டால், ஆளுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

கூடுதல் பயன் தருவது ஒரு தாளும் பேனையும். மொன்ட்ரியல் சோதனை என்று ஒன்று, 30 புள்ளிக்கு, 2005இல் வெளியானது, தமிழிலும் இருக்கிறது. பத்து நிமிடத்து வேலை. ஐந்து சொல்லை வாசித்துக் காட்டி, ஐந்து நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பார்கள். 100இல் இருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வார்கள்: 93, 86, 79, 72. வட்டம் போட்டு மணிக்கூடு கீறி, 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். இந்த மணிக்கூட்டில் ஒரு நுட்பம் உண்டு. "10" என்று காதில் விழுந்த உடனே பெரிய முள்ளைப் பத்தாம் இலக்கத்துக்கு நேரே போடத் தோன்றும். அந்த உந்துதலை அடக்கி, பத்து நிமிடம் என்றால் இரண்டாம் இலக்கம் என்று மாற்றி யோசிக்கவேண்டும். மூளையின் முன்பகுதி களைத்திருந்தால் முள் பத்துக்கே போகும்.

26 அல்லது அதற்கு மேல் எடுத்தால் சாதாரணம் என்பது பொதுக் கணக்கு, குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துக்கு அந்த ஒரு புள்ளி போதாது என்பது என் எண்ணம். 1990 கலவரத்தோடு ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடம் நின்றுபோனவர்கள், பேனை பிடித்தே வருடக்கணக்கு ஆனவர்கள், ஒரு சோதனைத் தாளில் 21 எடுப்பதை வைத்து நோய் என்று முடிவு செய்ய முடியாது. அதேபோல ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் 27 எடுத்துவிட்டு, முன்பு அரைமணியில் போட்ட நேரசூசியை இப்போது இரண்டு நாளாகப் போட்டுக்கொண்டு இருப்பார். ஆளை அவருடைய பழைய நிலையோடு ஒப்பிடவேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டாட்கள் மட்டும்தான்.

இரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். தைரொயிட் குறைவு, இரத்தச்சோகை, பி12 விற்றமின் குறைவு, ஏறி இறங்கும் சீனி, எல்லாமே தலையை மந்தமாக்கும். இவற்றுக்கு மருந்து இருக்கிறது. குளிசைப் பையையும் கொண்டுபோங்கள். தடிமனுக்கென்று வாங்கி மாதக்கணக்கில் போடுகிற பிரிட்டன் (Piriton) குளிசை, நித்திரைக் குளிசை, சில நரம்பு வலிக் குளிசைகள் எல்லாம் வயதானவர்களின் ஞாபகத்தைக் கெடுக்கக்கூடியவை. வைத்தியரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சில குளிசைகளைத் திடீரென விட்டால் வேறு வில்லங்கம் வரும். மனச்சோர்வையும் கேட்டுப் பார்ப்பார்கள். சாவின் வாசலைப் பார்த்து வந்தவருக்கு நித்திரை வராமல் இருப்பதிலும், சும்மா இருந்து கண்ணீர் வருவதிலும் அதிசயமில்லை. அது ஞாபகத்தை இன்னும் பின்னுக்கு இழுக்கும், அதற்கும் சிகிச்சை உண்டு.

வீட்டில்

இதைத் திருப்பிக் கொண்டுவரும் குளிசை என்று நிரூபிக்கப்பட்டது இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஞாபகசக்தி டொனிக் விற்கிறவர்களுக்குக் காசு கொடுக்கவேண்டாம். வல்லாரைச் சம்பல் ருசியான சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள், அதை மருந்துக் கணக்கில் வைக்காதீர்கள்.

பலன் தருவது சாதாரண விஷயங்கள்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை. முக்கியமான கதை என்றால் டீவியை நிறுத்தி, முகத்தைப் பார்த்து, ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். சட்டைப் பையில் சின்னக் கொப்பி ஒன்று. சாவி, போன், குளிசை எப்போதும் ஒரே இடம். கணக்கு வேலையைக் காலையில் தலை தெளிவாக இருக்கும்போது முடித்துவிடட்டும். பகல் முழுக்கப் படுத்துவிட்டு இரவு விழித்திருக்கும் பழக்கத்தை மாற்றவேண்டும். பின்னேரம் கல்லடிக் கடற்கரைப் பக்கமோ வாய்க்கால் கட்டோரமோ மெல்ல நடப்பது மூளைக்கும் நல்லது. ஆனால் அளவு முக்கியம். இன்றைக்கு உடம்பு லேசாக இருக்கிறது என்று ஒரேயடியாக வேலியும் அடைத்து வளவும் கூட்டிவிட்டு அடுத்த இரண்டு நாள் எழும்ப முடியாமல் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஆகிறவர்கள், முடிகிற அளவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தவேண்டும்.

வேலைக்குத் திரும்புவதும் படிப்படியாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள், ட்ரெக்டர், நெல் வெட்டும் மெசின், இரவில் கடலுக்குப் போவது ஆகியவற்றில் ஒரு கணப் பிந்தல் உயிருக்கே வினையாகும். வைத்தியர் சரி என்று சொல்லும்வரை தள்ளிவையுங்கள். காசு கொடுக்கல் வாங்கல், காணி உறுதியில் கையெழுத்து போன்றவற்றில் நம்பிக்கையான ஒருவர் கூட இருப்பது நல்லது. இதில் அவருடைய மரியாதை போகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். "உங்களுக்கு ஏலாது" என்று பறிப்பதும், "நானும் ஒருக்கா பார்க்கட்டா மாமா" என்று பக்கத்தில் உட்காருவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, அவர் மனதில் விழுவது வேறு.

கிளினிக்குக்கு அவரைத் தனியே அனுப்பவேண்டாம். "எப்படி இருக்கு?" என்று டொக்டர் கேட்டால் "சுகம் டொக்டர்" என்று சொல்லி, நெஞ்சுக்கு மருந்தும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கூடப் போகிறவர் கடைசி ஒரு மாதத்தில் நடந்த மூன்று நாலு சம்பவத்தைத் திகதியோடு எழுதிக்கொண்டு போகவேண்டும்: அடுப்பை நிறுத்த மறந்தது, பழகின பாதையில் திரும்பும் இடம் தவறியது, ஒரே பில்லை இரண்டு முறை கட்டியது. வருத்தத்துக்கு முன் இப்படி நடந்ததா, ஆஸ்பத்திரியில் அலட்டினாரா, எத்தனை நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஞாபக மறதி" என்று ஒரு சொல்லில் முடிப்பதைவிட, அந்தத் துண்டுக் காகிதத்தில் இருந்து வைத்தியருக்குக் கிடைப்பது அதிகம்.